பட்டாளத்துத் தொப்பி

அவன் பேர் கடற்கரை. தென்காசி டாக்கீஸில் படப்பெட்டி கொண்டு போகிற வேலை. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் அங்கே ஒரு தகரக் கொட்டகையிலும் படம் ஓட்டுவார்கள். இரண்டு கொட்டகைக்கும் சேர்த்து வருவது ஒரே ஒரு படம்தான். தென்காசியில் பகல் காட்சி இரண்டரைக்கு என்றால் குற்றாலத்தில் மூன்றே கால். இங்கே ஓடி முடிந்த சுருளைப் பெட்டியில் போட்டு, அங்கே ஓடுகிற சுருள் தீருவதற்குள் கொண்டு சேர்க்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் திரை வெளுத்துப் போகும். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்திருக்கிற சனம் பெஞ்சைத் தட்டும், விசிலடிக்கும், ஆபரேட்டரின் தாயார் வரைக்கும் இழுத்துப் பேசும். அப்போது வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும். "ஏலே, பெட்டி வந்துட்டு!" என்று கொட்டகையே எழுந்து நிற்கும்.

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட பழைய வண்டி அது. அந்தச் சாலையில் அதை அவ்வளவு வேகமாக ஓட்ட அவனைத் தவிர ஆள் கிடையாது. சங்கரம்மாளுக்கு அதில் பெருமை உண்டு. கீழப்பாவூரிலிருந்து அவனுக்கு வாக்கப்பட்டு வந்தவள் அவள். ஒரு நாள் குற்றாலத்துக் கொட்டகையில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து படம் பார்க்கையில் திரை வெளுத்தது. வண்டிச் சத்தம் வந்து, எல்லாரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவளிடம், "எங்க வீட்டுக்காரக" என்றாள். அவள் இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தள்ளி இடம் கொடுத்தாள். அந்த வாரம் முழுக்கச் சங்கரம்மாள் அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

கல்யாணமாகிப் பதினைந்தாம் மாதம், ஐம்பத்தெட்டு ஆடியில், மேலகரம் வாய்க்கால் பாலத்தருகே ஒரு எருமை குறுக்கே வந்தது. சாரலில் நனைந்த ரோடு. அவன் பிரேக்கைப் பிடித்ததும் வண்டி வழுக்கிப் படுத்துவிட்டது. உடம்பில் சொல்லும்படியாக ஒரு காயமும் இல்லை. முழங்கையில் மட்டும் கொஞ்சம் சிராய்ப்பு. தலைதான் பாலத்துக் கட்டைச் சுவரில் மோதியிருந்தது.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கண் திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் திறந்தான். டாக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். அவன் பேர், ஊர், செத்துப்போன அய்யா பேர், வண்டியின் நம்பர், எல்லாம் சரியாக இருந்தது. தலைமாட்டில் நின்ற சங்கரம்மாள் ஈரத்துணியால் அவன் உதட்டைத் துடைத்தாள். அவன் கூச்சத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நீங்க நர்ஸம்மாவா?"

அவள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். மண்டைக்குள் பட்ட அடியில் கடைசி இரண்டு வருசம் போல அழிந்திருக்கிறது. திரும்பி வந்தாலும் வரலாம், வராமலே போனாலும் போகலாம். அந்த இரண்டு வருசத்துக்குள்தான் அவள் இருந்தாள்.

வீட்டுக்கு வந்தபிறகு அவன் விருந்தாளி மாதிரி நடந்துகொண்டான். "கொஞ்சம் தண்ணி தருவியளா?" என்று கேட்டு வாங்கிக் குடித்தான். அவள் குளித்துவிட்டு வந்தால் எழுந்து வெளியே போனான். அவளைப் பார்த்து 'நீங்க' என்றான். கல்யாணமான மறுநாளே 'ஏட்டி' என்று உரிமையாகக் கூப்பிட்ட வாய் அது. இந்த 'நீங்க'வைக் கேட்டதும் அவள் அடுக்களைக்குள் போய் எதையாவது உருட்டிக்கொண்டிருப்பாள்.

கீழப்பாவூரிலிருந்து அவளுடைய அப்பா வந்தார். "யாருன்னே தெரியாதவன்கூட எப்படித் தாயி இருப்பே? வீட்டுக்கு வந்துரு" என்றார்.

"அவகளுக்குத்தான் என்னைத் தெரியல. எனக்கு அவகளத் தெரியும்லா" என்றாள் சங்கரம்மாள். அப்பா காப்பியைக் குடித்துவிட்டுத் தனியாகவே பஸ் ஏறினார்.

சுவரில் கல்யாணப் போட்டோ தொங்கியது. அவன் அதன் முன்னால் போய்ப் போய் நின்றான். ஒரு நாள் கேட்டான்.

"இது நாந்தானா?"

"நீங்கதான்."

"சிரிச்சிக்கிட்டு நிக்கேனே. எதுக்கு?"

"போட்டோக்காரரு கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டதும் ஒரு ஆடு வந்து அந்தத் துணியத் தின்ன ஆரம்பிச்சிட்டு. நீங்க சிரிப்ப அடக்க முடியாம நின்னிய."

அவன் மெல்லச் சிரித்தான். போட்டோவில் இருக்கிற அதே சிரிப்பு. அன்றிலிருந்து தினம் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் அந்தப் பதினைந்து மாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். முதலில் தன்னையே சொல்ல வேண்டியிருந்தது. "எம்பேரு சங்கரம்மாள். கீழப்பாவூரு. எங்க அப்பாவுக்கு ரெண்டு ஏக்கர் நஞ்சை." பிறகு பெண் பார்க்க வந்தது, தாலி கட்டியது, முதல் தீபாவளி, அவள் வைத்த புளிக்குழம்பில் உப்பே இல்லாமல் போனது, அதைப் பேசாமல் தின்றுவிட்டு மறுநாள் சொல்லிக் காட்டியது. அவன் கேட்டுக்கொண்டே இருப்பான். சில நாள் நேற்றுச் சொன்னதையே மறுபடி கேட்பான். அவளும் அலுக்காமல் சொல்வாள். சண்டைகளைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. அப்புறம், அவனுக்குச் சேர வேண்டியதில் பாதியை ஒளித்து வைத்த மாதிரி ஆகும் என்று அதையும் சொன்னாள்.

வாசனையும் அவனுக்குப் போய்விட்டிருந்தது. பிச்சிப்பூவை முகத்தருகே கொண்டுபோனால், "இது நல்லா மணக்கும்னு தெரியுது. ஆனா மணக்கல" என்பான். பால் பொங்கிக் கரிந்தாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். மூக்கும் மூளை வழியாகத்தான் வேலை செய்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு மனுசனின் ருசி, மணம், கட்டின பெண்டாட்டி, எல்லாம் ஒரு தேங்காய் அளவு மண்டைக்குள்ளா இருக்கிறது என்று அவளுக்கு ஆச்சரியமாகவும் பயமாகவும் இருந்தது.

மார்கழியில் ஒரு காலை அவள் சோறு வடிக்கும்போது பானை நழுவிக் கஞ்சி கையில் கொட்டிவிட்டது. முற்றத்தில் இருந்தவன் ஓடி வந்தான்.

"ஏட்டி, கைய உதறாத! இங்கன கொண்டா!"

அவள் கையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. எரிச்சல் தாங்காமல் அழுவதாக அவன் நினைத்தான். அவளுக்கு எரிச்சலே தெரியவில்லை. பழைய நினைப்பு வந்துவிட்டதோ என்று அவன் முகத்தைப் பார்த்தாள். அப்படி ஒன்றும் வரவில்லை. இது புதுசாக முளைத்த 'ஏட்டி'. ஐந்து மாதம் பார்த்துப் பழகியதில் தானாக வந்தது. இருக்கட்டும், இதுவும் எனக்குத்தானே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுவருசம் டாக்கீஸ் வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலையில் அவனைப் போட்டார்கள். பெட்டி சைக்கிளில் போனது, பிந்திப் போனது. குற்றாலத்தில் பெஞ்சுகள் உடைந்தன. அறுபதாம் வருசம் சீசனுக்கு முன்னால் மேனேஜர் தளவாய் வீட்டுக்கே வந்தார். "திரும்ப வண்டிய எடுக்கியா கடற்கரை?" என்று கேட்டார். அந்த நிமிசம் அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைச் சங்கரம்மாள் பார்த்தாள். டிக்கெட் கிழிக்கப் போன நாளிலிருந்து அவள் அதைப் பார்க்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

பாளையங்கோட்டை டாக்டரிடம் போய்க் கேட்டார்கள். தலைவலி நின்று ஒரு வருசம் ஆகிவிட்டதால் ஓட்டலாம் என்றார். பிறகு சங்கரம்மாளைப் பார்த்து, "இன்னொரு அடிய இந்தத் தலை தாங்காதும்மா" என்றார்.

மறுநாள் காலையில் அவள் அகமது கபீரின் பட்டறைக்குப் போனாள். கபீர் யுத்தத்தில் பட்டாளத்துக்குத் தபால் கொண்டுபோகிற மோட்டார் சைக்கிள்காரராக இருந்தவர். அந்த வண்டியைப் பழுது பார்ப்பதும் அவர்தான்.

"அண்ணாச்சி, வண்டி இனிமே ஓடாது, இஞ்சின் போயிட்டுன்னு அவககிட்டச் சொல்லிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கபீர் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு அவளை உட்காரச் சொன்னார். "பொய் சொன்னா ரெண்டு நாளு நிக்கும். மூணாம் நாளு அவனே கழத்திப் பாத்துருவான். தங்கச்சி, நாங்க இம்பால் ரோட்டுல எப்படி ஓட்டினோம் தெரியுமா? தலையில பட்டாளத்துக் கெட்டித் தொப்பி இல்லாம வண்டிய மிதிச்சா தண்டனை. வெள்ளைக்கார டாக்டர்க போட்ட உத்தரவு. மண்டை உடைஞ்சி வந்த பையங்களப் பாத்துப் பாத்துச் சலிச்சிப்போயி போட்டது. எங்கூட ஒரு பஞ்சாபிக்காரன் ஓட்டினான். தொப்பி போடுவான், தாடைக்குக் கீழ தோல்வாரப் பூட்ட மாட்டான். கசகசங்குதும்பான். விழுந்த அன்னைக்குத் தொப்பி ஒரு பக்கம் உருண்டு போச்சு, அவன் ஒரு பக்கம் போனான். தொப்பியில ஒரு கீறல் இல்ல."

"அந்தத் தொப்பி இப்ப எங்க கிடைக்கும்?"

கபீர் தலையைச் சொறிந்தார். "என்னுது இருக்கு. ஆனா இப்ப ஒருத்தி அதுல குடியிருக்கா."

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. கபீரின் மனைவி ஹைருன் பீவி அவளைக் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். கூரைக்குக் கீழே, மல்லாத்திப் போட்டிருந்த பச்சைத் தொப்பிக்குள் வைக்கோல் நிரப்பி, ஒரு சின்னக் கருங்கோழி ஏழு முட்டைமேல் அடை உட்கார்ந்திருந்தது. சங்கரம்மாளை ஒற்றைக் கண்ணால் முறைத்தது.

"இன்னும் ஒம்பது நாளு பொறுக்கணும்ளா. இப்பத் தூக்கினா அத்தனையும் கூமுட்டையாப் போயிரும்" என்றாள் ஹைருன் பீவி.

சங்கரம்மாள் ஒன்பது நாள் பொறுத்தாள். தினமும் போய்க் கோழியைப் பார்த்துவிட்டு வந்தாள். வீட்டில் கடற்கரை வண்டி எடுக்கத் துடித்துக்கொண்டிருந்தான். நாள் சரியில்லை, கரிநாள், மரணயோகம் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் சொல்லி நிறுத்தினாள். பத்தாம் நாள் ஆறு குஞ்சுகள் கொல்லையில் ஓடின. கபீர் தொப்பியைச் சோப்புப் போட்டுக் கழுவி, கழற்றி வைத்திருந்த உள்பட்டைகளைத் திரும்பத் தைத்து, தாடை வாருக்குப் புதுத் தோல் போட்டுக் கொடுத்தார்.

கடற்கரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கோழி முட்டை பொரிச்ச சட்டியையா நான் தலையில கவுத்தணும்? ஊரு சிரிக்கும்ட்டி. குற்றாலத்துல எவனும் பெட்டியப் பாக்க மாட்டான், என் மண்டையத்தான் பாப்பான்."

"பாத்துட்டுப் போறான்."

"முன்ன நான் இப்படியா ஓட்டினேன்? காத்துல முடி பறக்கும்."

"அதான் பறந்து பாத்துட்டியளே" என்றவள் அவன் எதிரில் உட்கார்ந்தாள். அழக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். "நீங்க ஒரு தடவ என்னை மறந்திய. சரின்னு முதல்லருந்து சொன்னேன். எம்பேரு இது, எங்க ஊரு இதுன்னு கட்டின புருசங்கிட்டச் சொன்னேன். அத எப்படிச் சொன்னேன்னு எனக்குத்தான் தெரியும். இன்னொரு தடவ சொல்லதுக்கு எங்கிட்டத் தெம்பு இல்ல."

அவன் தொப்பியைத் தலையில் வைத்தான். தாடைக்குக் கீழே வாரை மாட்டத் தெரியாமல் தடவினான். அவள் எழுந்து வந்து மாட்டிவிட்டாள்.

ஊர் சிரிக்கத்தான் செய்தது. சட்டித்தலையன் என்று பேர் வைத்தார்கள். மேலகரத்தில் டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள், "எந்த ஊருல சண்டை?" என்று கேட்டார்கள். முதல் வாரம் முகம் சிவந்து வீட்டுக்கு வந்தான். இரண்டாம் மாதம் அவனே சிரிக்க ஆரம்பித்தான். மூன்றாம் மாதத்துக்குள் ஊருக்கு அலுத்துவிட்டது. அவன் வேகமும் குறைந்தது. தளவாயிடம் சொல்லி, குற்றாலத்தில் கால் மணி நேரம் தள்ளிப் படத்தை ஆரம்பிக்க வைத்தான். இதை முன்னாலேயே செய்திருக்கலாமே என்றார் தளவாய்.

இரண்டு சீசன் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. அறுபத்திரண்டு ஆவணியில், ஞாயிற்றுக்கிழமைப் பகல் காட்சி நேரத்தில், தளவாய் சைக்கிளில் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"பயப்படாதம்மா. பலாப்பழ வண்டி ஒண்ணு திடீர்னு திரும்பிட்டு. விழுந்துட்டான். தென்காசி ஆஸ்பத்திரியிலதான் இருக்கான், பேசுதான்."

பேசுகிறான் என்றால் என்ன? அன்றைக்கும்தான் பேசினான். சங்கரம்மாள் கதவைக்கூடச் சாத்தாமல் நடந்தாள். வழியெல்லாம் யாரோ என்னவோ கேட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் கபீர் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் தொப்பி இருந்தது. இடப்பக்கம் ஓட்டில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு, உள்ளே விரல் போகும். அவள் அந்த வெடிப்பைத் தொட்டுப் பார்த்தாள். இது அவன் தலையில் விழுந்திருக்க வேண்டியது.

வார்டு வாசல் வரைக்கும் போன கால் உள்ளே போகவில்லை. நான்காவது கட்டிலில் அவன் படுத்திருப்பது தெரிந்தது. தோளைச் சுற்றிக் கட்டு. முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. அவள் கலைந்த தலையைக் கையால் ஒதுக்கினாள், சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். எம்பேரு சங்கரம்மாள், கீழப்பாவூரு, எங்க அப்பாவுக்கு ரெண்டு ஏக்கர் என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். தெம்பு இல்லை என்று சொன்னாளே தவிர, வேண்டி வந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவன் இந்தப் பக்கம் திரும்பினான்.

"ஏட்டி சங்கரம்மா! அங்கன என்னத்துக்கு நிக்க? பெட்டிய யாராவது எடுத்துட்டுப் போனாங்களா? கடைசிச் சுருளுட்டி, சனம் கொட்டகையப் பிரிச்சிரும்!"

அவள் உள்ளே வந்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "தோள் எலும்புதான்ட்டி. ஒண்ணரை மாசத்துல கூடிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. பெட்டியக் கேட்டதுக்கா அழுத?" என்றான். அடுத்த கட்டில்காரர் எட்டிப் பார்த்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். "நமக்கு எப்பக் கல்யாணம் ஆச்சு?"

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. முகம் மாறியது. அடிபடாத கையை நீட்டி அவள் தலையில் வைத்தான்.

"அது நீ சொல்லித்தான் தெரியும். ஆடு துணி தின்னது, உப்பில்லாத குழம்பு, எல்லாம் நீ சொன்னபடியே இருக்கு. நானாப் பாத்தது நீ கை சுட்டுக்கிட்டியே, அதெல்லாம். அதுலயும் ஒண்ணும் போகல. போதுமா?"

"போதும்" என்றாள்.

அன்று சாயங்காலம் கபீர் உடைந்த தொப்பியை எடுத்துப்போவதாகச் சொன்னபோது, ஒட்டித் தரப் போகிறார் என்று கடற்கரை நினைத்தான். "ஒரு தடவ அடி வாங்கினா அதோட வேலை முடிஞ்சிட்டு. இனிமே அது கோழிக்குத்தான்" என்றார் அவர். சென்னையில் பட்டாளத்துச் சாமான் விற்கிற கூட்டாளி ஒருவருக்கு அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதினார். கடற்கரை அவரைக் குனியச் சொல்லிக் காதில் என்னவோ சொன்னான். கபீர் சிரித்துக்கொண்டே கடிதத்தில் ஒரு வரியை அடித்துத் திருத்தினார்.

ஐப்பசியில், தோள் கூடியபிறகு, ரயிலில் பார்சல் வந்தது. சாக்கைப் பிரித்தால் உள்ளே இரண்டு தொப்பி. ஒன்று கொஞ்சம் சின்னது.

"இது யாருக்கு?" என்றாள் சங்கரம்மாள்.

"பின்னால உக்காருதவளுக்கு."

"போங்க. பொம்பளை எவளாவது இதப் போடுவாளா? நான் எங்க தினமுமா வண்டியில வாரேன்? மாசத்துக்கு ஒரு தடவ கீழப்பாவூரு போறதுக்கு..."

"அந்த ஒரு தடவ எருமை வராதா?" என்றான் அவன். "எனக்கு அந்தப் பதினஞ்சு மாசமும் உங்கிட்டத்தான் இருக்கு. வேற எங்கயும் எழுதி வைக்கல. உன் தலையில அடிபட்டா நான் யாருகிட்டப் போயிக் கேப்பேன்?"

அவள் சின்னத் தொப்பியைக் கையில் எடுத்தாள்.

கொண்டையோடு தொப்பி இறங்கவில்லை. ஹைருன் பீவி வந்து கொண்டையை அவிழ்த்துத் தாழ்வாகப் பின்னிவிட்டு, தொப்பியை வைத்து, வாரை மாட்டி, தள்ளி நின்று பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்த முடியாமல் சிரித்தாள். சங்கரம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தொப்பிக்குள் அவள் சிரிப்பு அவளுக்கே கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி இருந்தது. முதல் நாள் அப்பா வீட்டுக்குப் போகாமல் ஐந்தருவிக்குப் போகலாம் என்றான் அவன். சீசன் முடிந்து கடைகளெல்லாம் மூடியிருக்குமே என்றாள். அருவி மூடாது என்றான்.

தெருவில் ஆள்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். டீக்கடை பெஞ்சில் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப ஆச்சியும் பட்டாளத்துல சேந்தாச்சு போலயே!" என்றார். "ஆமா அண்ணாச்சி, நீங்களும் வாரியளா?" என்று சங்கரம்மாள் பின்னாலிருந்து கத்தினாள். பெஞ்சே சிரித்தது.

வாய்க்கால் பாலம் தாண்டியதும் தூறல் பிடித்துக்கொண்டது. கடற்கரை வண்டியை மெதுவாக்கினான். முன்னால் வயல்வெளிக்கு அப்பால் மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. சங்கரம்மாள், எலும்பு கூடின தோளை விட்டுவிட்டு, மற்றத் தோளைப் பிடித்துக்கொண்டாள்.